முடிவில்லாமல் நின்ற ‘றிகெற்’: 25 ஆண்டுகள் காத்திருந்த டெனிஷ் தொடர்

கொப்பன்ஹேகனில் ஒரு டெனிஷ்காரரிடம் ‘றிகெற்’ என்று சொன்னால் அவருக்கு இரண்டு விடயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, நாட்டின் பெரிய வைத்தியசாலையான றிக்ஸ்ஹொஸ்பிற்றல். மக்கள் அதைச் சுருக்கி அழைக்கும் பெயர் அதுதான். மற்றது, அதே பெயரில் 1994ஆம் ஆண்டு தொடங்கி, 1997இல் கதையின் நடுவிலேயே நின்றுபோன ஒரு தொலைக்காட்சித் தொடர்.

நடுவில் நின்ற தொடர்கள் உலகில் எத்தனையோ உண்டு. பார்ப்பவர் தொகை குறைந்தால் நிறுத்துவார்கள். பணம் போதாவிட்டால் நிறுத்துவார்கள். ‘றிகெற்’ அப்படி நிற்கவில்லை. பார்க்க மக்கள் இருந்தார்கள், அடுத்த பாகத்துக்கான கதை எழுதப்பட்டிருந்தது, இயக்குநரும் இருந்தார். ஆனால் கதையைத் தோளில் சுமந்த இரண்டு நடிகர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோனார்கள். தொடர் அங்கேயே நின்றது. அதற்கு ஒரு முடிவு வந்தது 2022ஆம் ஆண்டில்தான்.

டென்மார்க்கில் வளர்ந்த எமது பிள்ளைகள் சிலருக்கு இத்தொடர் தெரிந்திருக்கும். பெற்றோர் பலர் அந்த நாட்களில் மொழி வகுப்பு, மாறிமாறி வேலை, சிறுபிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருந்தவர்கள்; பார்க்க நேரம் கிடைத்திருக்காது. இருந்தாலும் எமக்கு நன்கு பழக்கமான பல மனிதர்கள் இத்தொடருக்குள் இருக்கிறார்கள். அதன் கதையையும், அது நின்ற விதத்தையும், மீண்டும் எழுந்த விதத்தையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பெயரும் இடமும்

‘றிகே’ என்றால் டெனிஷ் மொழியில் இராச்சியம். ‘றிகெற்’ என்றால் அந்த இராச்சியம். எழுத்தில் நடுவே ஒரு ‘க’ ஒலி இருந்தாலும் பேச்சில் அது கரைந்து ‘றீயெத்’ என்பதுபோல ஒலிக்கும். றிக்ஸ்ஹொஸ்பிற்றல் என்பதை இராச்சியத்தின் வைத்தியசாலை என்று சொல்லலாம்.

இந்த வைத்தியசாலையின் வேர் 1757இல் திறக்கப்பட்ட அரச பிரெடெரிக் வைத்தியசாலையில் இருக்கிறது. 1910இல் அது பிளைடம்ஸ்வாய் என்ற வீதிக்கு இடம்மாறியது. ‘பிளைடம்’ என்றால் துணி வெளுக்கும் குளம். முற்காலத்தில் அங்கே சலவைத் தொழிலாளர் துணிகளை நனைத்து, வெயிலில் விரித்து வெளுத்தார்கள். தொடரின் ஒவ்வொரு அத்தியாயமும் இந்தக் குளங்களில் இருந்துதான் தொடங்கும். ஈரமும் பனிமூட்டமும் நிறைந்த அந்தச் சதுப்பு நிலத்தின் மேல் விஞ்ஞானம் தன் மாளிகையைக் கட்டியது, இப்போது அந்த மாளிகையின் சுவர்களில் வெடிப்பு விழத் தொடங்கியிருக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். தொடரின் மொத்தக் கருவும் அந்த முன்னுரைக்குள் இருக்கிறது.

‘றிகே’ என்ற சொல் எமக்கும் புதிதல்ல. ‘றிக்ஸ்றெற்’ எனப்படும் இராச்சிய உயர் நீதிமன்றத்தை டென்மார்க்கில் வாழும் தமிழர் மறக்க முடியாது. 1987இல் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடச் செய்தார். இங்கே கணவன், அங்கே மனைவியும் பிள்ளைகளும் என்று குடும்பங்கள் காத்துக்கிடந்தன. ‘தமிழர் வழக்கு’ என்று டென்மார்க் வரலாற்றில் பெயர்பெற்ற அந்த விவகாரத்தில், விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் சுலுற்றர் பதவி விலகினார். நின்-ஹன்சன் றிக்ஸ்றெற்றின் முன் நிறுத்தப்பட்டு, 1995 ஜூனில் நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். ‘றிகெற்’ தொடர் முதன்முதலில் ஒளிபரப்பான 1994இன் இறுதி, அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலம். ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு பெரிய நிறுவனங்கள் அந்த ஆண்டில் டெனிஷ் மக்களின் பேச்சில் இருந்தன.

தொடர் பிறந்த காலம்

டென்மார்க்கில் 1988ஆம் ஆண்டு வரை நாடு முழுவதற்கும் இருந்தது ஒரேயொரு தேசியத் தொலைக்காட்சிதான். அது ‘டன்மார்க்ஸ் ரேடியோ’ என்ற பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு உரியது. 1988 ஒக்ரோபரில் ‘ரீவி 2’ தொடங்கியபோதே அந்தத் தனியுரிமை முடிவுக்கு வந்தது. ஒரு தொடர் வந்தால் நாடே பார்க்கும், மறுநாள் வேலைத்தளத்தில் அதைப் பற்றியே பேசும் என்ற வழக்கம் அந்தக் காலத்தில் உருவானது.

அந்த வழக்கத்தின் சிகரம் ‘மத்தடோர்’. 1978 முதல் 1982 வரை 24 அத்தியாயங்களாக வந்து, ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடிந்த தொடர் அது. மறு ஒளிபரப்புகளில் அதைப் பார்த்த எம்மவரும் உண்டு. அதில் வங்கி அதிபர் வார்னஸ் ஆக வந்த ஹொல்கர் யூல் ஹன்சனும், இங்கபோர் ஆக வந்த கீட்டா நோர்பியும் ‘றிகெற்’றிலும் முக்கிய பாத்திரங்களில் வருகிறார்கள். ‘மத்தடோர்’ பார்த்துப் பழகிய கண்களுக்கு இது ஒரு பெரிய அதிர்ச்சி. நேற்றுவரை நல்ல உடை உடுத்தி, மேசையில் அமர்ந்து கோப்பி குடித்த அதே முகங்கள், இப்போது ஆவிகள் உலவும் வைத்தியசாலையில் தடுமாறிக்கொண்டு நின்றன.

‘றிகெற்’றை உருவாக்கியவர் லார்ஸ் வொன் ட்ரியர். பீற்றர் ஓல்பெக் யென்சனுடன் சேர்ந்து 1992இல் அவர் ‘சென்ட்ரோப்பா’ என்ற திரைப்பட நிறுவனத்தை ஆரம்பித்திருந்தார். நீல்ஸ் வோர்செல் கதை எழுதுவதில் துணைநின்றார். மோர்ட்டன் ஆர்ன்பிறெட் இயக்கத்தில் கைகொடுத்தார். முதல் பாகம் 4 அத்தியாயங்களாக 1994இலும், இரண்டாம் பாகம் 4 அத்தியாயங்களாக 1997இலும் வந்தன.

என்ன கதை

வைத்தியசாலையின் மூளை, நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவில் கதை நடக்கிறது. அங்கே அடிக்கடி வந்து படுக்கும் ஒரு முதிய பெண்மணி திருமதி துருசே. அவருக்கு உண்மையில் பெரிய நோய் ஒன்றும் இல்லை. ஆவிகளுடன் பேசுவதில் நாட்டமுள்ளவர். எதையாவது சாட்டாகச் சொல்லி வாட்டில் படுத்துக்கொள்வார். அவருடைய மகன் புல்டர் அதே வைத்தியசாலையில் நோயாளர்களைத் தள்ளிச்செல்லும் ஊழியர். தாய் எதைச் சொன்னாலும் சலித்துக்கொண்டே செய்து கொடுப்பவர்.

ஒருநாள் மின்தூக்கிக்குள் ஒரு சிறுமி அழும் சத்தம் திருமதி துருசேக்குக் கேட்கிறது. தேடிப் பார்த்தால், பல பத்தாண்டுகளுக்கு முன் அதே வைத்தியசாலையில் கொல்லப்பட்ட மேரி என்ற சிறுமியின் அழுகை அது. கொன்றவர் அவளுடைய தந்தை. அங்கே பணியாற்றிய ஒரு வைத்தியர். தன் மரியாதையைக் காப்பாற்ற மகளைப் பலி கொடுத்தவர். மேரிக்கு நீதி தேடி அவளை அமைதிப்படுத்துவதே திருமதி துருசேயின் வேலையாகிறது.

மறுபக்கத்தில் வைத்தியர்களின் உலகம். பிரிவின் தலைவர் மூஸ்கோர், சிரித்துக்கொண்டே எதையும் செய்யாமல் விடுபவர். பொண்டோ என்ற பேராசிரியர், ஆராய்ச்சிக்கு வேண்டும் என்பதற்காக நோயுற்ற ஈரலைத் தன் உடம்புக்குள்ளேயே மாற்றிப் பொருத்திக்கொள்பவர். குறொக்ஸ்ஹோய் என்ற இளம் வைத்தியர், நேர்மையும் குறுக்குவழியும் கலந்தவர். யூடித் என்ற வைத்தியரின் வயிற்றில் வளரும் குழந்தை இயற்கைக்கு மாறான வேகத்தில் வளர்கிறது. முதல் பாகத்தின் கடைசிக் காட்சி அந்தக் குழந்தையின் பிறப்பு. டெனிஷ் தொலைக்காட்சியில் அதற்கு முன் அப்படியொன்றை எவரும் பார்த்ததில்லை.

கேட்க முழுப் பேய்க்கதை போல இருக்கும். பார்த்தால் பாதி நேரம் சிரிப்பு வரும். பயமும் பகிடியும் ஒரே காட்சிக்குள் இருப்பதுதான் இத்தொடரின் தனித்தன்மை. அறிவியல் மட்டுமே உண்மை என்று மார்தட்டும் ஒரு வீட்டுக்குள், பாட்டி ஒருத்தி ஆவியைத் தேடி அலைகிறார். கடைசியில் பாட்டி சொன்னதே சரியாகிறது. பேயும் சாமியும் பேச்சில் கலந்த வீடுகளில் வளர்ந்த எமக்கு இந்த மோதல் விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல.

மொட்டைமாடியில் நின்ற சுவீடன்காரர்

தொடரின் மறக்க முடியாத பாத்திரம் ஸ்டிக் ஹெல்மர் என்ற சுவீடன் நாட்டு வைத்தியர். நடித்தவர் சுவீடனின் பெரிய நாடக நடிகரான ஏர்ன்ஸ்ட்-ஹூகோ யேரெகோர்ட்.

ஹெல்மருக்கு டென்மார்க்கில் எதுவும் பிடிக்காது. டெனிஷ்காரர் சோம்பேறிகள், ஒழுங்கில்லாதவர்கள் என்பது அவருடைய எண்ணம். நல்லதெல்லாம் சுவீடனில்தான் இருக்கிறது என்று நம்புகிறார். அவர் ஓட்டுவதும் சுவீடனின் வொல்வோ கார். மனம் நொந்தால் வைத்தியசாலையின் உச்சிக்கு ஏறுவார். தொலைநோக்கியை எடுத்து, கடலுக்கு அப்பால் தெரியும் சுவீடனைப் பார்ப்பார். அங்கே தெரிவது பார்செபெக் அணுமின் நிலையம். அதையே பெருமூச்சோடு பார்த்துவிட்டு, டெனிஷ்காரரைத் தன் தாய்மொழியில் உரத்துத் திட்டுவார். அந்தத் திட்டு இன்றைக்கும் டென்மார்க்கில் பகிடியாகச் சொல்லப்படுகிறது. திட்டப்பட்ட மக்களே அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள்.

அகதியாக வந்தவர்கள் இந்தப் பாத்திரத்தை வேறொரு கண்ணால் பார்க்கலாம். தனக்குச் சோறு போடும் நாட்டைக் குறைகூறிக்கொண்டு, விட்டுவந்த நாட்டை மட்டும் உயர்த்திப் பேசி, ஆனால் திரும்பிப் போகவும் முடியாமல் நிற்கிற மனிதர் எங்கள் கொண்டாட்டங்களிலும் ஒரு மூலையில் இருப்பார். ஹெல்மருக்கும் திரும்பிப் போக வழியில்லை. தன் நாட்டில் பெயர் கெட்டு வந்தவர் அவர். வித்தியாசம் என்னவென்றால், அவருடைய நாடு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எமது ஊர் எந்த மொட்டைமாடியில் ஏறினாலும் தெரியாது.

பின்னாளில் அந்தக் காட்சியும் மாறிப்போனது. பார்செபெக்கின் ஒரு உலை 1999இலும் மற்றது 2005இலும் மூடப்பட்டன. டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஒரெசுண்ட் பாலம் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஹெல்மர் ஏங்கிப் பார்த்த கரைக்கு இன்று ரயிலில் போகலாம்.

பாத்திரம் கழுவும் இருவர்

வைத்தியசாலையின் நிலக்கீழ்ப் பகுதியில் பாத்திரம் கழுவும் இருவர் இருக்கிறார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள வீட்டா யென்சனும் மோர்ட்டன் றோட்ன லெபர்ஸும் அந்தப் பாத்திரங்களில் நடித்தார்கள். அவர்கள் மேல்மாடிக்கு வருவதில்லை. யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதும் இல்லை. ஆனால் மேலே என்ன நடந்தது, இனி என்ன நடக்கும், எந்தச் சுவர் ஏன் அழுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டே அமைதியாகப் பேசிக்கொள்வார்கள். பழைய கிரேக்க நாடகங்களில் கதைக்கு வெளியே நின்று உண்மை சொல்லும் குழுவின் இடம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

டென்மார்க்குக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழரில் எத்தனையோ பேர் உணவகங்களின் பின்புறத்திலும், முதியோர் இல்லங்களிலும், வைத்தியசாலைகளிலும் கழுவித் துடைத்தே பிள்ளைகளை வளர்த்தார்கள். மேலே இருப்பவர்களுக்கு அவர்களுடைய பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு கட்டிடத்தின் உள்விவகாரம் முழுவதும் துப்புரவு செய்பவருக்குத் தெரியும். அந்த உண்மையை ஒரு டெனிஷ் தொடர் 1994இலேயே நடுமையத்தில் வைத்தது.

கோப்பறையில் கிடந்த அறிக்கை

இன்னொரு சரடும் எமக்கு நெருக்கமானது. மோனா என்ற சிறுமிக்கு ஹெல்மர் செய்த சத்திரசிகிச்சை பிழைத்துவிடுகிறது. பிள்ளையின் மூளை பாதிக்கப்படுகிறது. அந்தத் தவறை நிரூபிக்கும் அறிக்கை வைத்தியசாலையின் கோப்பறையில் இருக்கிறது. அதை அழிக்க ஹெல்மர் அலைகிறார். தாய் பதில் கேட்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. மூத்த வைத்தியர்கள் தங்களுக்குள் ஒரு இரகசியச் சங்கம் வைத்து ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

ஒரு கடதாசியை ஒளிப்பதால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதைத் தமிழர் வழக்கின் காலத்தில் காத்திருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இத்தொடர் அந்த வழக்கைப் பற்றியதல்ல. ஆனாலும் ஒழுங்கும் நேர்மையும் உள்ள நாடு என்று தன்னைப் பற்றி நினைத்திருந்த டென்மார்க், அதே ஆண்டுகளில் தன் நிறுவனங்களின் அடித்தளத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது உண்மை.

படமாக்கிய விதம்

தொடரின் தோற்றமே அன்றைக்குப் புதுமை. கமராவைத் தாங்கியில் நிறுத்தாமல் கையில் பிடித்து எடுத்தார்கள். படம் ஆடும், திடீரென்று வெட்டித் தாவும். நடிகர் ஒரு நொடிக்கு முன் நின்ற இடமும் அடுத்த நொடியில் நிற்கும் இடமும் பொருந்தாவிட்டாலும் கவலைப்படவில்லை. நிறம் மங்கி, பழுப்பும் செம்மஞ்சளுமாக, பழைய புகைப்படம்போல இருக்கும். செலவைக் குறைத்த அதே முறை, பார்ப்பவர் தானே அந்த வாட்டுக்குள் நிற்பதுபோன்ற உணர்வையும் கொடுத்தது.

இந்த வழியில் இருந்துதான் அடுத்த அடி வந்தது. 1995 மார்ச்சில் லார்ஸ் வொன் ட்ரியரும் தோமஸ் வின்டர்பேர்க்கும் ‘டொக்மா 95’ என்ற திரைப்பட விதிகளை அறிவித்தார்கள். செயற்கை ஒளி வேண்டாம், கமரா கையில் இருக்கட்டும், கதையும் நடிப்பும் போதும் என்ற அந்த விதிகள் டெனிஷ் சினிமாவை உலகம் கவனிக்கச் செய்தன. குறைந்த பணத்தில் படம் எடுக்க ஆசைப்பட்ட பல நாட்டு இளைஞர்களுக்கு அது துணிவு கொடுத்தது.

ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்தபின், லார்ஸ் வொன் ட்ரியர் கோட் சூட் அணிந்து திரையில் தோன்றிப் பார்வையாளருடன் குறும்பாகப் பேசி விடைபெறுவார். அந்த வழக்கத்தையும் மக்கள் விரும்பினார்கள்.

ஏன் நின்றது

இரண்டாம் பாகம் 1997இல் முடிந்தபோது எதுவும் முடிந்திருக்கவில்லை. பல பாத்திரங்களின் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் திரை மூடியது. மூன்றாம் பாகத்தில் எல்லாம் தெரியவரும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

1998 செப்ரெம்பரில் யேரெகோர்ட் காலமானார். 2000 ஏப்ரலில் திருமதி துருசேயாக நடித்த கீர்ஸ்டன் றொல்பெஸ் காலமானார். இருவரும் 1928இல் பிறந்தவர்கள். மூன்றாம் பாகத்துக்காக எழுதப்பட்ட கதை படமாகாமலே கிடந்தது.

வேறு நடிகர்களைப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். எமது நாட்டுச் சின்னத்திரைத் தொடர்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு மறுநாளே கதையைத் தொடர்வார்கள். இங்கே அப்படிச் செய்யவில்லை. ஹெல்மரின் முகமும் துருசேயின் குரலும் அந்த இருவரோடு ஒட்டிப்போயிருந்தன.

காலம் போகப்போக மற்றவர்களும் விடைபெற்றார்கள். மூஸ்கோராக நடித்த ஹொல்கர் யூல் ஹன்சன் 2013இல், பொண்டோவாக நடித்த போர்ட் ஓவ 2017இல், மகன் புல்டராக நடித்த யென்ஸ் ஒக்கிங் 2018இல் இறந்தார்கள். கதையில் ஊசலாடிய உயிர்கள் அப்படியே இருக்க, நடித்த உயிர்கள் போய்க்கொண்டிருந்தன.

அமெரிக்காவில் நின்ற மறுபிறவி

இடையில் இக்கதைக்கு ஒரு மறுபிறவி வந்தது. புகழ்பெற்ற திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் ‘றிகெற்’றைப் பார்த்து வியந்து, அதை அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றினார். ‘கிங்டம் ஹொஸ்பிற்றல்’ என்ற பெயரில் 2004இல் ஏபிசி தொலைக்காட்சியில் 13 அத்தியாயங்கள் வந்தன. கதை மெயின் மாநிலத்தின் லூயிஸ்டன் நகருக்கு மாறியது. துணி வெளுக்கும் குளம் இருந்த இடத்தில், சிறுவர்கள் தீயில் கருகிய ஒரு பழைய ஆலை வந்தது. 1999இல் வீதியில் நடந்து போகும்போது வாகனம் மோதிப் படுகாயமடைந்த தன் சொந்த அனுபவத்தையும் கிங் அதில் சேர்த்தார்.

முதல் நாள் பெருந்தொகையானோர் பார்த்தார்கள். பிறகு தொகை சரிந்தது. வேறு தொலைக்காட்சியின் பலமான தொடருக்கு எதிரான நேரத்தில் அது ஒளிபரப்பப்பட்டது. இடையில் நிறுத்தி, கோடைகாலத்தில் மிச்சத்தைப் போட்டு முடித்தார்கள். இரண்டாம் பாகம் வரவேயில்லை.

லார்ஸ் வொன் ட்ரியருக்குத் தூண்டுதலாக இருந்த ‘ட்வின் பீக்ஸ்’ தொடரும் இதே ஏபிசியில் வந்ததுதான். டேவிட் லிஞ்சும் மார்க் புறொஸ்றும் உருவாக்கிய அந்தத் தொடர் 1990இல் தொடங்கி, பார்ப்பவர் குறைந்ததால் 1991இல் இரண்டாம் பாகத்தோடு நிறுத்தப்பட்டது. அதுவும் பெரும் புதிரொன்றை அவிழ்க்காமலே நின்றது. பிறகு 2017இல் மூன்றாம் பாகம் வந்தது.

ஒன்றைக் கணக்கு நிறுத்தியது, மற்றதை மரணம் நிறுத்தியது. கணக்கு மாறினால் தொடரை மீண்டும் அதே ஆட்களோடு தொடங்கலாம். மரணத்தோடு அப்படிப் பேரம்பேச முடியாது.

25 ஆண்டுகளின் பின்

‘றிகெற் எக்ஸொடுஸ்’ என்ற மூன்றாம் பாகம் 2022 செப்ரெம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. ஒக்ரோபரில் வியாபிளே ஊடாகவும் டென்மார்க்கின் பொதுத் தொலைக்காட்சியிலும் வந்தது. 5 அத்தியாயங்கள். முன்னைய எட்டையும் சேர்த்தால் 13.

வெளியாவதற்குச் சில வாரங்கள் முன், லார்ஸ் வொன் ட்ரியருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. பழைய வழக்கப்படி அத்தியாயத்தின் முடிவில் அவர் வந்தார். ஆனால் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார். வெளியே தெரிந்தவை அவருடைய சப்பாத்துகள் மட்டுமே.

புதிய கதை தொடங்கும் விதம் கவனிக்கத்தக்கது. காரன் என்ற முதிய பெண் வீட்டில் இருந்து ‘றிகெற்’ தொடரின் பழைய டிவிடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசிக் காட்சி முடிந்ததும் அவருக்குக் கோபம் வருகிறது. இதெல்லாம் ஒரு முடிவா என்று சலித்துக்கொள்கிறார். பிறகு தூக்கத்தில் எழுந்து நடந்து, உண்மையான வைத்தியசாலைக்கே போய்விடுகிறார். 25 ஆண்டுகளாக ஏமாற்றத்தோடு இருந்த பார்வையாளரையே கதையின் நாயகியாக்கிவிட்டார் இயக்குநர். வைத்தியசாலையில் இருப்பவர்களோ, அந்தத் தொடரால் எங்கள் இடத்தின் பெயரே கெட்டுப்போனது என்று எரிந்துவிழுகிறார்கள். காரனாக நடித்தவர் போடில் யோர்கன்சன்.

இறந்தவர்களின் இடத்தில் வேறு ஆட்களை நிறுத்தவில்லை. துருசேயின் வேலையை இன்னொரு பெண் தொடர்கிறார். ஹெல்மருக்குப் பதில் அவருடைய மகன் வருகிறார். மிக்கேல் பெர்ஸ்பிரண்ட் நடித்த அந்த மகன், தந்தை வேலைசெய்த அதே இடத்துக்கு வந்து, தந்தைக்கு என்ன நடந்தது என்று அறியப் பார்க்கிறார். தந்தையின் பெருமையையும் அவரது முட்டாள்தனத்தையும் சேர்த்தே சுமக்கிறார். இரண்டாம் பாகத்தில் வழக்கறிஞராக வந்த ஸ்டெலான் ஸ்கார்ஸ்கோர்டின் இடத்தில், இப்போது வழக்கறிஞராக வருபவர் அவருடைய சொந்த மகன் அலெக்சாந்தர். குறொக்ஸ்ஹோயாக சோரன் பில்மார்க்கும், யூடித் ஆக பிர்கித்த றோபேரும், றிக்மோராக கீட்டா நோர்பியும் முதுமையோடு திரும்பி வந்தார்கள்.

முடிவு என்ன என்பதை இங்கே சொல்லவில்லை. பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். முதலிரு பாகங்களும் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளியாகியிருக்கின்றன. 1994, 1997, 2022 என்ற வரிசையிலேயே பார்ப்பது நல்லது. ஒன்று மட்டும்: இது சிறுபிள்ளைகளோடு இருந்து பார்க்கும் தொடரல்ல. பிணம், இரத்தம், அருவருப்பான காட்சிகள் உண்டு. பெரிய பிள்ளைகளோடு பார்த்தால், டெனிஷ்-சுவீடிஷ் பகிடிகளை அவர்களே பெற்றோருக்கு விளக்குவார்கள்.

பெயர்க்குழப்பம் ஒன்றையும் சொல்லிவைக்க வேண்டும். 2022இலேயே ‘போர்கன்’ என்ற அரசியல் தொடரும் திரும்பி வந்தது. 2013இல் மூன்று பாகங்களோடு நின்ற தொடர் அது. அதன் புதிய பாகத்துக்கு இட்ட பெயரிலும் ‘றிகெற்’ என்ற சொல் வருகிறது. கிறிஸ்தவர்கள் செபத்தில் சொல்லும் இராச்சியம், வல்லமை, மகிமை என்ற மூன்று சொற்களே அந்தப் பெயர். இரண்டும் வேறு வேறு.

கிடைத்த முடிவும் கிடைக்காத முடிவும்

புதிய பாகம் நன்றாக இருக்கிறதா என்பதில் டெனிஷ் மக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிலர் மனநிறைவு அடைந்தார்கள். பழையதைப்போல வராது என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் நியாயம். 2022இல் கிடைத்தது ஒரு முடிவு. 1997இல் காத்திருந்தவர்களுக்குக் கிடைக்கவேண்டிய முடிவு அதுவல்ல. மேரியின் அழுகையைக் கேட்ட துருசே அதற்கு என்ன சொல்லியிருப்பார் என்பதை றொல்பெஸ் மட்டுமே நடித்துக் காட்டியிருக்க முடியும். மொட்டைமாடியில் யேரெகோர்ட் கடைசியாக எப்படித் திட்டியிருப்பார் என்பதையும் இனி எவரும் காணப்போவதில்லை.

ஆனால் இந்தப் பாதிக் கதையாவது மீண்டும் எழுந்ததற்குக் காரணம், அது பத்திரமாக வைக்கப்பட்டிருந்ததுதான். படச்சுருள்கள் இருந்தன. டிவிடியாக வீடுகளில் இருந்தது. எனவேதான் 25 ஆண்டுகளின் பின் ஒரு காரன் அதைப் போட்டுப் பார்த்துக் கோபப்பட முடிந்தது.

புலம்பெயர்ந்த தமிழர் எடுத்த நாடகங்கள், குறும்படங்கள், தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எத்தனையோ நடுவில் நின்றிருக்கின்றன. வார இறுதியில் மட்டும் கூடி, கடன் வாங்கிய கமராவில் எடுத்தவை அவை. நடித்தவர்களில் பலர் இன்று முதியவர்கள், சிலர் இல்லை. ஒளிநாடாக்கள் அலுமாரிகளின் அடியில் கிடக்கின்றன. காந்த நாடாவில் பதிந்த படம் ஆண்டுகள் போகப்போக மங்கும், நாடா ஒட்டிக்கொள்ளும், ஓட்டிப் பார்க்கும் இயந்திரமும் கிடைக்காது. அவற்றைக் கணினிக்கு மாற்றிவைக்கச் செலவு பெரிதல்ல, நேரம்தான் குறைவு.

கதைகளுக்கும் இதே கணக்குத்தான். முதன்முதலில் எந்த விமான நிலையத்தில் இறங்கினோம், எந்த முகாமில் வைத்திருந்தார்கள், குடும்பம் வந்து சேர எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதை அறிந்தவர்கள் இப்போது எம்மிடையே இருக்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் ஹெல்மரின் மகன் தந்தையைப் பற்றிக் கேட்டறிய வந்து சேர்ந்தபோது, பதில் சொல்லக்கூடிய தந்தை இல்லை. எமது பிள்ளைகளுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. வீட்டில் இருக்கும் முதியவரிடம் கேட்டுப் பதிவு செய்ய ஒரு கைத்தொலைபேசி போதும்.